அம்மாவுக்கு ஒரு சீட்

“வண்டியில எங்கம்மாவுக்கும் ஒரு சீட் வேணும், அத்தை.”

சொல்லிவிட்டேன். ஹோட்டல் வரவேற்பறையில், எல்லோரும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கிளம்பி நின்ற இடத்தில், சொல்லியேவிட்டேன்.

அப்படிக் கேட்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை. கட்டளை போட்டது அத்தை இல்லை, என் அம்மா. கல்யாணத்துக்கு முந்தின நாள் என் தலையை வாரிக்கொண்டே சொன்னாள்: “அந்த வீட்ல உனக்கு வேணுங்கறதைக் கேளு. சண்டை போட்டுக்கூட வாங்கிக்கோ. எனக்காக மட்டும் எதையும் கேட்டுடாத. என்னை வச்சு உனக்கு ஒரு பேச்சு வரக்கூடாது.”

ஒரு வருஷம் காப்பாற்றினேன். இன்று முடியவில்லை.

அத்தை சிரித்தார். என் மாமியாருக்குக் கோபமே வராது. அவரிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான். அவர் கத்தினால் நானும் கத்தலாம். சிரித்தால் நான் என்ன செய்வது?

“உங்கம்மாவுக்கு எதுக்கும்மா வெயில்ல அலைச்சல்? நாம போறது அன்னாசித் தோட்டம். அவங்க பாக்காத அன்னாசியா?”

நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தொப்பியைச் சரிசெய்வதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார்.

என் அம்மா பழங்களை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அன்னாசியைத் தோல் சீவி, கண் தோண்டி, பெல்ட்டில் போடும் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரியாக நான் தலை நிமிர்ந்தேன். இது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே இப்படிச் சிரித்துக்கொள்வார்கள்.

“அப்ப குட்டியை யார் பாத்துக்கறது?” என்றார் நாத்தனார்.

“பெத்தவங்க பாத்துக்கலாம், அண்ணி.”

என் கணவர் தொண்டையைச் செருமினார். “சரி, சரி. பாத்துக்கலாம்.”

எந்தப் பிரச்சினைக்கும் அவருடைய பதில் அதுதான். வீடு பற்றி எரிந்தாலும் வாசலில் நின்று பாத்துக்கலாம் என்பார். மனதுக்குள் நான் அவருக்கு வைத்திருக்கும் பெயரே ‘பாத்துக்கலாம்’.

லிஃப்ட் பக்கத்தில், இடுப்பில் நாத்தனாரின் இரண்டு வயது மகளான குட்டியோடு நின்ற அம்மா, என்னைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்க்காததுபோல் நின்றேன்.

“எதுக்கு வீணா மனஸ்தாபம்?” என்றார் அத்தை. “சம்பந்தியம்மாவும் வரட்டும், குட்டியும் வரட்டும். குட்டியை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தா ரெண்டு பேருக்கும் ஒரே சீட்டுதானே!”

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

*

இந்தத் தீவுக்கு நாங்கள் வந்தது, எங்கள் முதல் கல்யாண நாளைக் கொண்டாட. அப்படித்தான் சொன்னார்கள். ‘உங்கம்மாவையும் கூட்டிட்டு வா, பாவம், எங்க போயிருக்காங்க’ என்று அத்தை சொன்னபோது நான் உருகிப்போனேன். வந்து இறங்கிய அன்றே குட்டியின் பால் புட்டி, துணிப்பை, தூங்கும்போது கட்டிக்கொள்ளும் முயல் பொம்மை எல்லாம் அம்மாவின் கைக்கு மாறிவிட்டன.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. அடுத்த மாதம் நாத்தனார் வங்கி வேலைக்குத் திரும்புகிறார். அவர் கணவர் வெளிநாட்டில். ஆகவே அம்மா தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து இருக்கலாம் என்று அத்தை யோசனை சொன்னார். ‘ஜன்னல் வச்ச தனி ரூம் தர்றோம், இனிமே அவங்க நிம்மதியா இருக்கட்டும்.’ அம்மா தயங்கினாள். வற்புறுத்தியது நான்தான். போன வாரமெல்லாம் போனில் அதே பேச்சு. ‘இன்னும் எத்தனை நாள் அந்த ஃபேக்டரித் தண்ணியில நின்னு சாகப்போற? என் பக்கத்துல இரேன்.’ பதிலை ஊருக்குத் திரும்புவதற்குள் சொல்வதாகச் சொல்லியிருந்தாள். இன்று மாலை அத்தை கேட்கப்போகிறார். நாளைக் காலைப் படகில் ஊர் திரும்புகிறோம்.

அப்புறம், கதவு. நாங்கள் தங்கியிருந்தது ஹோட்டல் தோட்டத்துக்குள் தனியாக இருந்த ஒரு வீடு. அதன் வாசல் கதவுக்குச் சாவி கிடையாது, விரலை வைத்தால் திறக்கும். முதல் நாள் எங்கள் எல்லோரின் விரலையும் கருவியில் பதிவுசெய்தார்கள். அம்மாவின் விரல் பதியவில்லை. ஹோட்டல்காரர் துடைத்துப் பார்த்தார், வேறு வேறு விரலை வைத்துப் பார்த்தார். சிவப்பு விளக்குதான் எரிந்தது. அன்னாசிச் சாறு ரேகையைத் தின்றுவிடும். அம்மா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஏதோ திருடி மாட்டிக்கொண்டவள்போல் சிரித்தாள்.

“இவங்களுக்கு ஒரு கார்டு குடுத்துடறோம்” என்றார் ஹோட்டல்காரர்.

“பாத்துக்கலாம்” என்றார் என் கணவர்.

கார்டு வரவே இல்லை. நானும் போய்க் கேட்கவில்லை. நேற்று நாங்கள் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, குட்டிக்குக் கடலைக் காட்ட வெளியே வந்த அம்மா திரும்ப உள்ளே போக முடியாமல், நாங்கள் வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. ஏன் இங்கே என்று கேட்டால், ‘காத்து நல்லா வருது’ என்றாள்.

அந்தக் காற்றுதான் இன்று காலை என்னைக் கேட்கவைத்தது.

*

வேனில் கடைசி வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எனக்காக எதுவும் கேக்காதன்னு சொன்னேன்ல?” குட்டியின் தலைக்கு மேலாகக் கிசுகிசுத்தாள்.

“கேட்டாச்சு. ஜன்னல் பக்கம் உக்காரு. வேடிக்கை பாரு.”

“என்ன திமிருடி உனக்கு. பெத்தவங்க பாத்துக்கலாமாம். மூஞ்சி எப்படிப் போச்சு பாத்தியா அந்தப் பொண்ணுக்கு?”

திட்டிக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் உதட்டோரம் சிரிப்பு வந்திருந்தது. என் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த நீலச் சேலையை இன்றைக்குத்தான் கட்டியிருந்தாள். மடிப்பு கலையாமல் பெட்டிக்குள்ளேயே இருந்த சேலை.

தோட்டத்தில் இறங்கியதுமே வாசனை ஆளைத் தூக்கியது. வெயில், மண், பழுத்த இனிப்பு. டிராக்டருக்குப் பின்னால் திறந்த வண்டி, அதில் இரண்டு பக்கமும் பெஞ்சு. வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஓலைத் தொப்பி கொடுத்தார்கள். சுற்றிக்காட்டுகிறவர் சட்டையில் சின்ன மைக் மாட்டியிருந்தார். எங்கள் வண்டியில் ஏறிய நிமிஷத்திலிருந்து வாய் மூடவில்லை.

“சொல்லுங்க பாப்போம், அன்னாசி எந்த மரத்துல காய்க்கும்?”

என் கணவர் கையைத் தூக்கினார். “தென்னை மாதிரி ஒண்ணு... உச்சியில கொத்தா...”

“சார், அப்படிக் காய்ச்சா கீழ நிக்கறவன் தலை என்னாகறது?” வண்டியே சிரித்தது. “மரமே கிடையாது சார். முழங்கால் உயரச் செடி. ஒரு செடிக்கு ஒரு பழம். அதோ, பாருங்க.”

“தரையிலயா?”

கேட்டது என் அம்மா. சத்தமாகவே கேட்டுவிட்டாள்.

இருபது வருஷமாக அன்னாசி சீவுகிறவள். அது வளரும் இடத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவளைப் பொறுத்தவரை அது லாரியில் காய்ப்பது.

மைக்குக்காரர் வண்டியை நிறுத்தச் சொன்னார். “இறங்கிப் பாருங்கம்மா. இலை குத்தும், பாத்து.”

அம்மா குட்டியை என் மடியில் போட்டாள். இந்தத் தீவுக்கு வந்த பிறகு முதல் தடவையாக வெறும் கையோடு நின்றாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசைக்குள் போய்க் குனிந்தாள். வாள் வாளாக நீண்ட இலைகளுக்கு நடுவில், கைமுஷ்டி அளவுக்கு ஒரு பிஞ்சு, மேலெல்லாம் ஊதா நிறப் பொட்டு.

“ஐயோ, பூடி! ஒவ்வொரு கண்ணுலயும் இத்தனூண்டு பூ! நான் தோண்டித் தோண்டி எறியற கண்ணெல்லாம் பூவா இருந்திருக்கு!”

கை தட்டாத குறை. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வண்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் கடலைப் பார்த்தார். கொஞ்சம் மெதுவாகப் பேசேன் அம்மா என்று என் வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

அதைத் துப்பியாவது இருக்கலாம். உள்ளேயே கிடந்து புளித்துவிட்டது.

*

பழம் வெட்டும் கொட்டகைக்குள் மின்விசிறி சுற்றியது. நீளமான எவர்சில்வர் மேஜை. அதற்கு அந்தப் பக்கம் மஞ்சள் ஏப்ரன் கட்டிய தோட்டத்துப் பெண்கள் பழம் சீவிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் எங்களைப்போல் வந்தவர்கள். விருப்பப்பட்டால் நாமும் சீவிப் பார்க்கலாம். சாறு தெறித்தால் கறை போகாது என்று எங்களுக்குப் பச்சை ஏப்ரன் கொடுத்தார்கள்.

பச்சையில் ஒன்று குறைந்தது.

“இவங்க...?” என்று மைக்குக்காரர் அம்மாவைப் பார்த்து இழுத்தார்.

“எங்க சம்பந்தியம்மா” என்றார் அத்தை, உடனே, அழகாகச் சிரித்து.

“அப்படியா, வணக்கம்மா. தப்பா எடுத்துக்காதீங்க, பச்சை தீந்துடுச்சு. இதைக் கட்டிக்குங்க. சேலை புதுசா இருக்கு, வீணாப் போயிடும்.” ஆணியில் தொங்கிய மஞ்சளை எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

குட்டி பழம் கேட்டு அழ ஆரம்பித்தது. அம்மா மேஜையின் ஓரத்துக்குப் போய் ஒரு கத்தியை எடுத்து, ஒரு பழத்தைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி ஊட்டினாள். அத்தையும் நாத்தனாரும் மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்து சாறு குடித்தார்கள். என் கணவர் ஒரு பழத்தைச் சீவுகிறேன் பேர்வழி என்று பாதிப் பழத்தைத் தோலோடு தள்ளிக்கொண்டிருந்தார்.

அப்போது இன்னொரு வண்டி வந்து நின்றது. திமுதிமுவென்று கூட்டம் உள்ளே வந்தது. அதில் ஒருவர் அம்மாவிடம் தட்டை நீட்டினார்.

அம்மா தட்டைப் பார்த்தாள். ஆளைப் பார்த்தாள். நறுக்கி வைத்திருந்ததில் நாலு துண்டை எடுத்துத் தட்டில் போட்டாள். நீட்டின தட்டுக்கு இல்லை என்று சொல்ல அவளுக்குத் தெரியாது. பின்னால் இன்னொரு தட்டு வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. வரிசையே நின்றுவிட்டது. குட்டி அவள் காலைக் கட்டிக்கொண்டு நிற்க, கத்தி பழக்கப்பட்ட வேகத்தில் போக ஆரம்பித்தது.

“பாரேன்” என்றார் அத்தை மகளிடம். “கை சும்மாவே இருக்காது அவங்களுக்கு.”

நான் போய்க் கத்தியை வாங்கியிருக்கலாம். இரண்டே எட்டு. ஆனால் அப்போது என் பக்கத்தில் ஒரு பெண்மணி வந்து நின்றார். வெள்ளைத் தொப்பி, பருத்திச் சட்டை, நிதானமான பேச்சு. கல்லூரியில் பாடம் நடத்துகிறவராம். எங்கள் ஹோட்டலில்தான் தங்கியிருக்கிறாராம். நான் என்ன படித்தேன், எங்கே வேலை என்றெல்லாம் விசாரித்தார். தணிக்கை அலுவலகத்தில் வேலை என்றேன்.

“உங்க பேச்சுலயே தெரியுது” என்றார். “படிச்ச குடும்பம்.”

எனக்கு ஜில்லென்று இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஜில்லென்றுதான் இருந்தது. அப்படி என்னை யாரும் சொன்னதில்லை. மறுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

“அந்தம்மா எவ்வளவு அழகா வெட்டுறாங்க பாருங்க” என்று தொப்பியம்மா என் அம்மாவைக் காட்டினார். “உங்களையே பாத்துக்கிட்டு இருக்காங்களே, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

“இல்ல” என்றேன்.

யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. கத்தி அம்மாவிடம் இருந்தது. அது பழத்தின் மேல் அப்படியே நின்றது. கை நீட்டினால் தொடும் தூரம்தான். அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்க வழியே இல்லை.

தொப்பியம்மா தின்று முடித்த தட்டையும், வாய் துடைத்துக் கசக்கிய காகிதத்தையும் அம்மாவிடம் நீட்டினார். “தேங்க்ஸ்மா.” அம்மா வாங்கிக்கொண்டாள். தட்டை மேஜையில் வைத்தாள். காகிதத்தைப் போட இடம் தேடினாள். கிடைக்கவில்லை. கையிலேயே மூடிக்கொண்டாள்.

“சாயங்காலம் ரிசப்ஷன் தோட்டத்துல காபி குடிக்கலாம், வாங்க” என்றார் தொப்பியம்மா என்னிடம். “உங்ககிட்ட இன்னும் பேசணும்.”

“கண்டிப்பா” என்றேன். அந்த வார்த்தையும் என் வாயிலிருந்துதான் வந்தது.

*

திரும்பும் வழியில் எல்லோருக்கும் நல்ல குஷி.

“நல்ல வேளை அவங்க வந்தாங்க” என்றார் நாத்தனார். “குட்டி அழுத அழுகைக்கு நான் மட்டும்னா தோட்டத்தையே பாத்திருக்க முடியாது.”

“நீ கேட்டதும் நல்லதுக்குத்தாம்மா” என்று அத்தை எனக்கு முன் சீட்டிலிருந்து திரும்பி என் முட்டியில் தட்டினார். “பாரு, எல்லாம் எவ்வளவு சுமுகமா முடிஞ்சிடுச்சு.”

அம்மா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மடியில் குட்டி. வலது கை இன்னும் மூடியே இருந்தது.

“அம்மா” என்றேன்.

“தூங்குது. சத்தம் போடாத.”

வீட்டுக்கு வந்ததும் குட்டியைப் படுக்கவைக்கப் பின் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். குட்டியின் தொட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில், இரவில் விரித்துக் காலையில் மடிக்கும் ஒரு படுக்கை. அம்மாவின் பை அதற்கடியில். இங்கேதான் படுக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், இந்த அறைக்குள் இதுவரை நான் வந்ததில்லை.

அம்மா குப்பைக்கூடையில் அந்தக் காகிதத்தைப் போட்டாள். கையைக் கழுவினாள். மெதுவாக, விரல் விரலாக.

“அம்மா, நான்... அந்தம்மா சட்டுனு கேட்டாங்க...”

“கேட்டாங்க. நீ சொன்ன.”

“தப்புதான்.”

“உங்கத்தை என்கிட்ட ஆயிரம் வேலை வாங்குவாங்க. அது எனக்குத் தெரியாம இல்ல. நான் ஒண்ணும் பச்சைக் குழந்தை இல்ல. ஆனா யாரு கேட்டாலும் சம்பந்தின்னு சொல்ல அந்தம்மாவுக்கு வாய் கூசல. இன்னைக்கும் சொன்னாங்க. நீ கேட்டுட்டுதான நின்ன?” துண்டில் கையைத் துடைத்தாள். “இதுக்காகவா உன்னைப் படிக்கவச்சேன்னு சொல்லிக் காட்டுவேன்னு நினைக்காத. சொல்ல மாட்டேன். அது ரொம்ப மட்டமான பேச்சு.”

சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

“சாயங்காலம் அத்தை கேப்பாங்க” என்றேன். “என்ன சொல்லப்போற?”

“சரின்னு.”

“இவ்வளவு நடந்த பிறகுமா?”

“முன்னாடியே முடிவு பண்ணினது. கிளம்பறதுக்கு முந்தின நாளே சூப்பர்வைசர்கிட்ட வேலையை விட்டு நின்னுக்கறேன்னு சொல்லிட்டேன். என் இடத்துக்கு ஆளும் போட்டுட்டாங்க. வீட்டுக்காரம்மாகிட்ட சாவியையும் குடுத்தாச்சு. சாமானெல்லாம் பக்கத்து வீட்ல கிடக்கு.”

“ஏம்மா? யோசிச்சு சொல்றேன்னுதான சொன்ன?”

“நீ கேட்ட.” என் முகத்தைப் பார்க்காமல் குட்டியின் போர்வையை இழுத்துவிட்டாள். “சின்ன வயசுலகூட நீ எங்கிட்ட எதையும் கேட்டதில்ல. மிட்டாய்கூடக் கேக்க மாட்ட. முதல் தடவையா, என் பக்கத்துல இரும்மான்னு கேட்ட. அப்புறம் நான் எதை யோசிக்கறது?”

நான் அந்த மடக்குப் படுக்கையில் உட்கார்ந்தேன்.

அந்த வீட்டை நினைத்துப் பார்த்தேன். விருந்தாளிகள் வருவார்கள். என் அலுவலகத்துக்காரர்கள் வருவார்கள். அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள், ஏனென்றால் அவள் கை சும்மா இருக்காது. யார் இவங்க என்று கேட்பார்கள். அத்தை என்ன சொல்வார் என்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. நான் என்ன சொல்வேன் என்பது இன்று தெரிந்துபோய்விட்டது. நாள் முழுக்க இவர்களைக் கண்ணால் எரித்துக்கொண்டு திரிந்தேன். இவர்களால் அவளை வேலைக்காரியாகத்தான் ஆக்க முடிந்தது. யாரோவாக ஆக்கியது நான்.

“பையை எடுத்து வை” என்றேன்.

“என்னது?”

“எடுத்து வைம்மா. நான் இப்ப வர்றேன்.”

*

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. தோட்டத்தில் வாங்கிய பழம் ஒன்று, கொண்டையோடு, மேஜை நடுவில்.

“வா, வா” என்றார் அத்தை. “உன்னைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். சம்பந்தியம்மாவைக் கூப்பிடு, நல்ல விஷயத்தைப் பேசி முடிச்சிடலாம். குட்டியோட ரூம்லயே இன்னொரு கட்டில் போட்டுட்டா அவங்களுக்கும் சௌகரியம், குட்டிக்கும் சௌகரியம். என்ன சொல்ற?”

“ஜன்னல் வச்ச தனி ரூம்னு சொன்னீங்க, அத்தை.”

“அதுலயும் ஜன்னல் இருக்கும்மா.”

இதற்கும் அவர் சிரித்தார். நேற்றென்றால் இந்த இடத்தில் நான் வெடித்திருப்பேன். இன்று அதற்கான யோக்கியதை எனக்கு இல்லை.

“அம்மா வரல” என்றேன்.

“அவங்க சொன்னாங்களா?”

“அவங்க சரின்னுதான் சொல்லுவாங்க. நான்தான் வேணாங்கறேன்.”

“என்னாச்சு உனக்கு?” நாத்தனார் கோப்பையை டக்கென்று வைத்தார். “நாங்க அப்படி என்ன பண்ணிட்டோம்? இன்னைக்குத் தோட்டத்துக்குக்கூடக் கூட்டிட்டுப் போனோம்.”

“நீங்க பண்ணினதைப் பத்தி இப்ப நான் பேசல, அண்ணி. அது தனிக் கச்சேரி, அப்புறம் வச்சுக்கலாம். இன்னைக்குக் கொட்டகையில ஒருத்தங்க எங்கிட்ட கேட்டாங்க, பழம் வெட்டறவங்களைத் தெரியுமான்னு. தெரியாதுன்னு சொன்னேன்.”

அத்தையின் சிரிப்பு முதல் தடவையாகப் பாதியில் நின்றது. அந்த முகத்தில் நான் பார்த்தது கோபம் இல்லை. அருவருப்பு. எனக்கு அது வேண்டியதுதான்.

“பெத்த அம்மாவையா?” என்றார் மெதுவாக.

“ஆமா. பெத்த அம்மாவை.”

காது மடல்வரை எரிந்தது. நல்லது, எரியட்டும் என்று நின்றேன்.

என் கணவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். “சரி, ஏதோ வாய் தவறிடுச்சு. விடு. உக்காரு. பாத்துக்கலாம்.”

“பாத்தாச்சு” என்றேன்.

“நீ இப்ப எதுக்கு...”

“ஒரு வருஷமா எங்கம்மாவை நீ என்னன்னு கூப்பிட்டிருக்க? சொல்லு. இங்க பாருங்கன்னுதான கூப்பிடுவ? அவங்களுக்கு ஒரு கதவைத் திறக்க ஒரு கார்டு வாங்கித் தர உனக்கும் தோணல, எனக்கும் தோணல.” எல்லோர் முன்னாலும் அவரை நான் நீ என்று சொன்னது அதுதான் முதல் முறை. அவர் முகத்துக்கு முந்தி அத்தையின் முகம்தான் சுருங்கியது. “அவங்க வேலையை விட்டுட்டாங்க. வீட்டை விட்டுட்டாங்க. நான் கேட்டேன்னு. இப்ப அவங்களுக்குன்னு ஒரு கதவு இல்ல. அதைத் தேடிக் குடுத்துட்டு அப்புறம் மத்ததைப் பேசறேன்.”

“படகு காலையிலதான்” என்றார் அத்தை. “இந்த நேரத்துல எங்க போவீங்க?”

“தெரியாது அத்தை.”

நிஜமாகவே தெரியாது. போவது மட்டும் தெரியும்.

அம்மா அறை வாசலில் வந்து நின்றிருந்தாள். நீலச் சேலை. தோளில் பை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

“நான் இன்னும் உம்மேல கோவமாத்தான் இருக்கேன்” என்றாள்.

“இரு. வந்துகிட்டே கோவப்படு.”

அம்மா அத்தையைப் பார்த்துக் கை கூப்பினாள். “குட்டி தூங்குது. எழுந்ததும் பால் குடுங்க. ரொம்ப சூடு வேண்டாம்.” அத்தையும் எழுந்து கை கூப்பினார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

நாங்கள் வெளியே வந்ததும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சின்னதாக ஒரு ‘க்ளிக்’. என் விரலை வைத்தால் திறக்கும். வைக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தேன். வழவழவென்று, தேய்ந்த சோப்பு மாதிரி இருந்தது.

“எங்கடி போறோம்?”

“காபி குடிக்க.”

“காபியா? இப்பவா? யார்கூட?”

“ரிசப்ஷன் தோட்டத்துல ஒரு தொப்பியம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க. அவங்ககிட்ட உன்னை அறிமுகப்படுத்தணும்.”

அம்மா கையை உருவப் பார்த்தாள். “வேணாம்டி. எனக்கு அசிங்கமா இருக்கு.”

“எனக்குத்தாம்மா அசிங்கம். நீ சும்மா வா.”

பாதை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. நாங்கள் பாதி வழி போவதற்குள், பின்னால் எங்கள் வீட்டுக் கதவு மறுபடி திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ செருப்பை அவசரமாக மாட்டிக்கொண்டு படியிறங்கினார்கள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.